உருளைக்கிழங்கு எடை போட்ட நடிகர்: 2018இல் நடந்த ஒரு நிகழ்வின் ஆய்வு

இந்தக் குறிப்பில் வரும் நடிகரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது பத்தியிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அது பரவாயில்லை. ஆனால் சூப்பர்மார்க்கெட் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரைக் கேட்காமல் படம் பிடித்து, பெயரும் போட்டு ஊர் முழுக்கக் காட்டியதுதான் இங்கே நடந்த விஷயம். அதைப் பற்றி எழுதும்போது நானும் பெயரைப் போட்டுத் தலைப்பு வைப்பது சரியாகப் படவில்லை. படம் எடுத்தவர், அதை வெளியிட்ட ஊடகங்கள் ஆகியவற்றின் பெயரும் இதில் இல்லை.

நடிப்புத் தொழிலில் இருப்பவர்கள், செய்திப் பிரிவில் இருப்பவர்கள், இதுபோன்ற படங்களைப் பார்த்ததும் 'ஐயோ பாவம், எப்படி இருந்தவர்' என்று எழுதத் தோன்றுபவர்கள், மூன்று தரப்பும் பார்க்க வேண்டிய நிகழ்வு இது.

பின்னணி

1961இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். அப்பா 1983 முதல் 2007 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையில் புரூக்ளின் பகுதியின் உறுப்பினராக இருந்தவர். மகன் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு நேராக நடிப்புக்கு வந்தார். 1985இல், அப்போது என்பிசி தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த 'தி காஸ்பி ஷோ'வின் இரண்டாவது சீசனில், வீட்டின் மூத்த மகளுடைய காதலனாக நுழைந்து, அப்புறம் அந்தக் குடும்பத்தின் மருமகன் ஆனார். பெண்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பழைய எண்ணங்களோடு வந்து, வழக்கறிஞரான மாமியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்துகிற பாத்திரம். அந்தக் காலத்துப் பார்வையாளர்கள் இன்றும் அவரை அந்தப் பாத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

தொடர் 1984 முதல் 1992 வரை 8 சீசன் ஓடியது. அதில் 5 சீசன்கள் தொடர்ந்து நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி. இப்படி ஒரு தொடரில் முகம் தெரிந்துவிட்டால் வாழ்நாள் முழுக்கப் பணம் வந்துகொண்டே இருக்கும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். இந்த நிகழ்வில் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்த ஒரு நினைப்புதான்.

1992க்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் நடித்தார், இயக்கினார், நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். 2013இல் பிராட்வேயில் 'ரோமியோ ஜூலியட்' போட்டபோது வெரோனாவின் இளவரசராக மேடை ஏறினார். இடையிடையே தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு எபிசோடில் வந்துபோகும் நீதிபதி, மருத்துவர் மாதிரியான சின்ன வேடங்கள். முப்பது வருடத்துக்கும் மேல் இதே தொழில்தான். அமெரிக்காவில் 'தொழிலில் நிலைத்த நடிகர்' என்று ஒருவரைச் சொன்னால் பெரும்பாலும் அவர் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும். இதில் சரிவு என்று எதுவும் இல்லை.

பணம் எப்படி வருகிறது, எப்படி நிற்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். கணக்குத் தெரியாமல் இந்த நிகழ்வைப் படித்தால் அது வெறும் அழுகைக் கதையாகிவிடும்.

ஒரு எபிசோடில் நடித்ததற்கு முதலில் சம்பளம். அதே எபிசோடை மறுபடி ஒளிபரப்பினால் நடிகருக்கு ஒரு தொகை, அதற்குத் தொழிலில் ரெசிடுவல் என்று பெயர். நடிகர் சங்கம் 1974இல் போட்ட ஒப்பந்தத்துக்கு முன்னால் தொடர்களுக்குக் குறிப்பிட்ட சில மறுஒளிபரப்புகளோடு அது நின்றுவிடும். அதற்கு முந்தைய தொடர்களில் நடித்த பலர், தங்கள் முகம் தினமும் சாயங்காலம் டிவியில் ஓடிக்கொண்டிருக்க, ஒரு காசு வராமல் இருந்ததற்குக் காரணம் அதுதான். 1974க்குப் பிறகு எத்தனை முறை ஓடினாலும் ஏதோ ஒன்று வரும்.

அந்த 'ஏதோ ஒன்று' எவ்வளவு என்பதுதான் கேள்வி. உள்ளூர் டிவி நிலையங்களுக்கு விற்கப்பட்ட தொடர்களுக்குச் சங்க ஒப்பந்தத்தில் பொதுவாக இருக்கும் படிக்கட்டு இப்படி இறங்கும்: இரண்டாவது ஒளிபரப்புக்கு, அடிப்படைத் தொகையில் (அதாவது சங்கம் வைத்த குறைந்தபட்சச் சம்பளத்தில்) 40 சதவீதம், மூன்றாவதற்கு 30, நான்கிலிருந்து ஆறு வரை 25, ஏழிலிருந்து பத்து வரை 15, அடுத்த இரண்டுக்கு 10, பதின்மூன்றாவது முதல் என்றென்றைக்கும் 5. கணக்குக்காக அடிப்படைத் தொகை 1,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், பதின்மூன்றாவது முறைக்கு 50 டாலர், அதிலும் வரி போகும். கணக்குப் பார்ப்பது அந்தக் காலத்துச் சம்பளத்தை வைத்து, விலைவாசி இன்றைக்கானது. இவர் எல்லா எபிசோடுகளிலும் வந்தவரும் இல்லை, வராத எபிசோடுக்கு ரெசிடுவலும் இல்லை.

சரி, சின்னதாக இருந்தாலும் வந்துகொண்டிருந்தது. 2014 நவம்பரில் அதுவும் ஆட்டம் கண்டது. தொடரின் நாயகன் மீது பல பெண்கள் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகளோடு முன்வந்தார்கள், ஒரு கேபிள் சேனல் மறுஒளிபரப்பை நிறுத்தியது. 2015 ஜூலையில் இன்னும் இரண்டு. பிறகு ஒரு சேனல் மறுபடி தொடங்கி, 2018 ஏப்ரலில் நாயகனுக்கு எதிராகத் தீர்ப்பு வந்த அன்றே மறுபடி நிறுத்தியது. (அந்தத் தீர்ப்பை 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, அது வேறு விவகாரம்.) அந்தப் பெண்கள் சொன்னதன் கனத்துக்கு முன்னால் இந்தப் பணக் கணக்கைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் இல்லை. ஆனால் ஒரு சேனல் ஒரு தொடரை எடுத்தால் அதில் வந்த எல்லோருடைய செக்கும் சேர்ந்துதான் நிற்கிறது. தனக்கு இதனால் வருமானம் பாதிக்கப்பட்டது என்று இந்த நடிகரே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு, இது கொஞ்சம் பிந்தைய ஆண்டுக்கானது. 2023இல் சாக்-ஆஃப்ட்ரா என்ற அமெரிக்க நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்க ஒரு நடிகர் ஆண்டுக்கு 26,470 டாலர் சங்க வேலையில் சம்பாதித்திருக்க வேண்டும். அப்போது குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,082 டாலர். வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 25 நாள் படப்பிடிப்பு. கேட்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனால் சங்கத்தில் உள்ளவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் அந்த வரம்பைத் தொடுவதில்லை. ஒரு எபிசோடில் வந்துபோகும் வேடம் என்றால் ஒரு நாள், இரண்டு நாள் வேலை, அதில் ஏஜென்டுக்கு 10 சதவீதம். அந்த ஒரு வேடத்துக்காகப் போன ஆடிஷன்களுக்கோ ராத்திரி உட்கார்ந்து வசனம் மனப்பாடம் செய்ததற்கோ யாரும் பணம் தருவதில்லை.

கடை வேலையை ஏன் எடுத்தார்

2017 வாக்கில் நிலைமை இப்படி: சின்ன வேடங்கள் வருகின்றன, வகுப்புகளும் இருக்கின்றன, ஆனால் இரண்டையும் சேர்த்தாலும் குடும்பச் செலவு நிரம்பவில்லை. முழுநேர வேலை ஒன்றுக்குப் போயிருக்கலாம், ஆனால் நாளைக்கு ஆடிஷன் என்று இன்றைக்குச் சாயங்காலம் போன் வந்தால் காலையில் லீவு போட முடியாத வேலை எதுவானாலும் அது நடிப்புக்கு முழுக்குப் போடுவதற்குச் சமம். ஆகவே அவர் தேடியது நேரத்தை மாற்றிக்கொள்ள முடிகிற வேலை. நியூ ஜெர்சியின் கிளிஃப்டன் என்ற ஊரில் உள்ள டிரேடர் ஜோஸ் சூப்பர்மார்க்கெட்டில் சேர்ந்தார். நியூயார்க் பக்கம்தான், ஆடிஷனுக்குப் போய்வரலாம். இந்த வேலையைத் தேர்ந்ததே தொழிலில் தொடர்ந்து இருக்கத்தான் என்று பிறகு அவரே விளக்கினார்.

இந்த முடிவை நான் சரியான முடிவாகவே பார்க்கிறேன். நடிகர்கள் பலர் இந்தக் கட்டத்தில் கடன் அட்டையில் வாழ்ந்துகொண்டு 'அடுத்த மாதம் ஏதாவது வரும்' என்று இருப்பார்கள். இவர் போய் வேலைக்கு நின்றார். 15 மாதம் அங்கே வேலை பார்த்தார்.

2018 ஆகஸ்ட் 30

கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் அவரை அடையாளம் கண்டு செல்போனில் படம் எடுத்தார். படம் ஒரு செய்தித் தளத்துக்குப் போய், ஆகஸ்ட் 30 அன்று வெளியானது. மற்ற ஊடகங்களும் எடுத்துப் போட்டன.

படத்தில் இருப்பது இவ்வளவுதான்: பில் போடும் இடத்தில் கடையின் டி-ஷர்ட்டோடு நிற்கும், தாடி வைத்த, ஐம்பதுகளின் பின்பாதியில் உள்ள ஒரு மனிதர், நெஞ்சில் பேட்ஜ், கையில் ஒரு பை. அந்தச் செய்தியை எழுதியவர் அதற்குமேல் இரண்டு விவரங்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்திருந்தார். டி-ஷர்ட்டின் முன்பக்கத்தில் கறை இருந்தது, அவர் உருளைக்கிழங்குப் பையை எடை போட்டுக்கொண்டிருந்தார். மளிகைச் சாமான் தூக்குகிறவரின் சட்டையில் கறை இருப்பது ஒரு தகவலே இல்லை. அது அங்கே எழுதப்பட்டது, படிப்பவர் மனதில் 'எங்கே இருந்தவர் எங்கே வந்துவிட்டார்' என்ற எண்ணத்தை உண்டாக்கத்தான். தலைப்பும் அந்தக் காலத்துப் புகழையும் இந்தக் கடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. அவர் ஏன் அங்கே இருக்கிறார், இன்னும் நடிக்கிறாரா என்ற கேள்விகளுக்குப் பதில் தேடாமலேயே செய்தி முடிந்துவிட்டது.

அவர் மனம் முதலில் உடைந்துதான் போனது. அதை மறைக்காமல் பிறகு சொன்னார்.

ஆனால் அந்த நிலை நீண்ட நேரம் நீடிக்கவில்லை, ஏனென்றால் படம் வெளியான வேகத்திலேயே எதிர்ப்பும் கிளம்பியது. நடிகர்கள் தங்கள் வேறு வேலைகளை ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள், பகல் வேலை பார்க்கும் நடிகர்கள் என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேக் டுவிட்டரில் ஓடியது. சர்வர், டிரைவர், குழந்தை பார்த்துக்கொள்பவர், கணக்கெழுதுபவர் என்று பட்டியல் நீண்டது. அமெரிக்கக் கால்பந்து லீக்கில் ஆடி முடித்த பிறகு தரை கூட்டியிருக்கிறேன், தேவைப்பட்டால் மறுபடியும் செய்வேன் என்று நடிகர் டெர்ரி க்ரூஸ் எழுதினார். படத்தில் இருந்த நம் நடிகரும் அவர் மனைவியும் இவற்றையெல்லாம் படிக்கப் படிக்க மனம் தேறியிருக்கிறார்கள். படம் எடுத்தவரும் யோசிக்காமல் செய்துவிட்டேன், வருந்துகிறேன் என்று பின்னர் சொன்னார்.

அவர் எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, கடை வேலையை விட்டது. யாரும் போகச் சொல்லவில்லை, அவராகத்தான் விட்டார். எல்லோருடைய கண்ணும் தன்மேல் இருக்கும்போது அங்கே நின்று நிம்மதியாக வேலை செய்ய முடியாது என்பது காரணம். இதைப் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்: அந்தப் படத்தின் உடனடி விளைவு ஒரு மனிதரின் மாத வருமானம் போனதுதான். பாராட்டு, ஆதரவு எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை, வராமலும் போயிருக்கலாம்.

இரண்டாவது, பேசுவது என்ற முடிவு. உடனே பதில் கொடுக்கவில்லை, சில நாள் பொறுத்தார். செப்டம்பர் 3 அங்கே தொழிலாளர் தினம். மறுநாள், செப்டம்பர் 4, ஏபிசி தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் வந்து உட்கார்ந்தார். தலையில் யேல் என்று எழுதிய தொப்பி, சட்டையில் அந்தக் கடையின் பெயர் பேட்ஜ். இரண்டையும் சேர்த்து அணிந்து வந்ததில்தான் அவர் சொல்ல வந்தது பாதி முடிந்துவிட்டது. படித்த படிப்பையும் பார்த்த வேலையையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு வந்தார், எதையும் கழற்றி ஒளிக்கவில்லை. பேச்சிலும் தன்னைப் பற்றிய அனுதாபத்தை வளர்க்காமல், ஒரு வேலை இன்னொரு வேலையைவிட உயர்ந்ததில்லை, சம்பளம் கூடக் குறைய இருக்கலாம், காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கலாம், ஆனால் மதிப்பில் வித்தியாசம் இல்லை என்ற பக்கமே பேச்சைக் கொண்டுபோனார்.

மூன்றாவது முடிவுதான் எனக்கு மிக முக்கியமாகத் தெரிகிறது. இந்தச் சம்பவத்தைப் பார்த்து யாராவது ஆடிஷனுக்குக் கூப்பிட்டால் மகிழ்ச்சி, ஆனால் இது நடந்ததற்காக வேடத்தைத் தூக்கிக் கொடுப்பது எனக்கு ஒப்பாது, அந்த வேடத்துக்கு நான் பொருத்தமானவன் என்பதால் அது கிடைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னார். நாடே பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த வாரத்தில், கையில் இருந்த வேலையும் போயிருந்த நிலையில், இதைச் சொல்ல மனத்திடம் வேண்டும். அதோடு இதில் தொழில் அறிவும் இருக்கிறது. இரக்கத்தில் கிடைக்கிற வேடம் ஒரு முறை கிடைக்கும். அடுத்த முறை அவரை எந்தக் கணக்கில் கூப்பிடுவார்கள்?

அதன் பிறகு

அதே வாரம் தயாரிப்பாளரும் இயக்குநருமான டைலர் பெர்ரி, தன் தொடரின் படப்பிடிப்பு அடுத்த வாரம் தொடங்குகிறது, வந்து சேருங்கள் என்று வெளிப்படையாக அழைத்தார். 'தி ஹேவ்ஸ் அண்ட் தி ஹேவ் நாட்ஸ்' தொடரில் ஒரு பாத்திரம். அவர் ஏற்றுக்கொண்டார். முந்தைய பத்தியில் சொன்னதற்கு இது முரண் என்று சிலர் அப்போதே பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருடம் இந்த வேலை செய்தவரை ஒரு தயாரிப்பாளர் கூப்பிடுகிறார், அவர் போய் அந்த வேலையைச் செய்கிறார், அவ்வளவுதான். கொள்கை சொன்னவர் பட்டினி கிடந்து அதை நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு என்ன உரிமை? வேறு தொடர்களிலும் வேடங்கள் வந்தன.

ராப் பாடகி நிக்கி மினாஜ் 25,000 டாலர் தருவதாக அறிவித்தார். அந்தப் பணத்தை நம் நடிகர் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை, கலைத்துறையில் கஷ்டப்படுபவர்களுக்கு உதவும் ஆக்டர்ஸ் ஃபண்டுக்குக் கொடுத்துவிட்டார்.

பெரும்பாலான செய்திகள் இந்த இடத்தில் கதையை முடித்துக்கொண்டன. அவமானம், ஆதரவு, வாய்ப்பு, சுபம். நான் இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அந்தச் 'சுபம்' எனக்குத் தொண்டையில் நின்றதால்தான். ஏனென்றால் 2024இல், ஆறு வருடம் கழித்து, ஒரு வானொலிப் பேட்டியில் அவர் தானே சொன்னார், இன்னும் வருமானத்துக்கு ஒவ்வொரு நாளும் போராடிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. இத்தனை பேருக்குத் தெரிந்த முகம், திரும்பவும் வாய்ப்புகள் வந்த பிறகும். படத்தால் வந்த அவமானம் தீர்ந்தது, செலவுக் கணக்கு தீரவில்லை. 2018இல் நாடு முழுக்கப் பேசியது முதல் விஷயத்தைப் பற்றி மட்டும்தான்.

எதை மாற்றிச் செய்யலாம்

செய்திப் பிரிவில் இருப்பவர்களுக்கு: இந்தப் படம் வந்தபோது அந்த மனிதருக்கு ஒரு போன் செய்து பேசியிருந்தால், இன்னும் நடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஏன் கடையில் வேலை பார்க்கிறார் என்ற உண்மையான செய்தி கிடைத்திருக்கும். அது படத்தைவிட நல்ல செய்தி, அதிகம் பேர் படித்திருப்பார்கள் என்றுகூட நினைக்கிறேன். பேச மறுத்தால் படத்தைப் போடாமல் இருப்பதுதான் முறை. அந்தக் கடையில் அவர் பொது நிகழ்ச்சியில் இல்லை, ஷிஃப்டில் இருந்தார்.

நடிகர்களுக்கு: ரெசிடுவலைச் சம்பளமாக நினைத்து வாழ்க்கையைக் கட்டக் கூடாது என்பதைப் படிக்கட்டுக் கணக்கே சொல்லிவிடுகிறது. நீங்கள் எந்தத் தப்பும் செய்யாமலேயே, கூட நடித்த இன்னொருவரால், ஒரே நாளில் அது நிற்கலாம். நேரம் வளைந்துகொடுக்கும் வேலை ஒன்று கையில் இருப்பது தோல்வியின் அடையாளம் இல்லை, ஆடிஷனுக்குப் போகத் தெம்பு தருவதே அதுதான். இந்த நடிகர் அதைச் செய்த விதத்தில் நான் மாற்றச் சொல்ல ஒன்றுமில்லை. ஒருவேளை, இப்படி ஒரு படம் என்றாவது வெளியே வரும் என்று எதிர்பார்த்து, அதற்கு என்ன சொல்வது என்பதை ஏஜென்டோடு முன்பே பேசி வைத்திருந்தால் முதல் சில நாள் அதிர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கலாம். அதையும் அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை.

சங்கத்தின் பக்கம் ஒரு நகர்வு நடந்தது. 2023 ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை 118 நாள் வேலைநிறுத்தம், அதில் முக்கியமான சண்டைகளில் ஒன்று ஸ்ட்ரீமிங்கில் ஓடும் தொடர்களுக்கான ரெசிடுவல். இரண்டு மூன்று டாலருக்கு வந்த செக்குகளை நடிகர்கள் அப்போது படம் பிடித்துப் போட்டார்கள். அதிகம் பேர் பார்க்கிற தொடர்களுக்குக் கூடுதல் தொகை என்ற ஏற்பாடு அதன் முடிவில் கிடைத்தது. ஆனால் அது ஸ்ட்ரீமிங்கில் பெரிதாக ஓடுகிற புதிய தொடர்களுக்கு. எண்பதுகளில் நடித்து முடித்த ஒரு மருமகன் பாத்திரத்துக்கு அந்த ஏற்பாட்டில் இடம் இல்லை.